அழுத்தம் தெரியாத கண்ணாடி

காளியம்மாள் அத்தைக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடப்பதற்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீட்டில் எழுந்த கூச்சலைக் கேட்டு, பாகப்பிரிவினைச் சண்டை என்று நினைத்துத் தெருவே வாசலில் கூடிவிட்டது. பிரிக்க எங்களிடம் பாகமும் இல்லை, சண்டையும் இல்லை. அத்தை கட்டிலில் உட்கார்ந்து ஒரு போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் தெருப் புகழேந்தி அண்ணன் எதிரே உட்கார்ந்து, "இன்னும் சத்தமா அத்தை! வரப்புல நின்னு கத்துவீங்கல்ல, அந்த மாதிரி" என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

"வெறும் செவுத்தப் பாத்துக் கத்துனா எப்படிடா வரும்? எதிர்ல ஒரு சோம்பேறி நின்னாத்தான் எனக்குச் சத்தம் வரும்."

"எழிலு, போய் எதிர்ல நில்லு" என்றார் அண்ணன்.

நான் நின்றேன். உடனே பிரமாதமாக வந்தது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்த பிறகு எங்களோடு இருக்கிறாள். திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் பக்கத்து ஏழெட்டு ஊர்களில், நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போவது இருபது வருடமாக அவள் வேலை. பதினெட்டுப் பேர் அவள் பின்னால் போவார்கள். பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதிலிருந்து (நான்தான் அதைக் கைவிட்டேன் என்று அம்மா சொல்வாள்) நானும் அந்தப் பதினெட்டில் ஒருத்தி. அதிகம் திட்டு வாங்குகிற ஒருத்தி.

நடவில் ஒரு முறை உண்டு. வரிசையில் குனிந்திருக்கிறவள் வயல்காரரிடம் வாய் கொடுக்கக் கூடாது. தண்ணீர் அதிகம், நாற்று முற்றிப் போச்சு, பொழுது சாய்ந்துவிட்டது, எதுவானாலும் ஆள் கூட்டி வந்தவள்தான் கேட்பாள். பதினெட்டு வாய்க்கும் சேர்த்து ஒரே வாய். யாராவது தனியாக எதிர்த்துப் பேசினால் மறுநாள் அவளை மட்டும் வேண்டாம் என்பார்கள். எல்லோருக்குமாக ஒருத்தி பேசினால் அப்படிச் சொல்ல முடியாது. அத்தையின் வாய் அப்படிப்பட்டது. மூன்று வயல் தள்ளி டிராக்டர் ஓட்டியவர், தன்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து இன்ஜினை அணைத்த கதையெல்லாம் உண்டு.

அந்த வாய்க்குள் காலையிலிருந்து ராத்திரி வரை புகையிலையும் இருந்தது. ஒரு ஆவணியில் குரல் கட்டியது. கஷாயம் குடித்தாள், மிளகு மென்றாள், தைக்குள் குரலின் ஓரத்தில் தகரத்தைத் தேய்க்கிற கரகரப்பு வந்துவிட்டது, சத்தம் மட்டும் குறையவில்லை. தஞ்சாவூரில் பார்த்துவிட்டு, குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சும் என்று சொல்லிவிட்டார்கள்.

புகழேந்தி அண்ணன் கொண்டுவந்தது அவருடைய பழைய போன். அதன் கண்ணாடிக்கு ஒரு குணம் இருந்தது: விரல் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்று அதற்குத் தெரியும். வந்த புதிதில் பெரிய வித்தையாக விளம்பரம் செய்தார்களாம். அண்ணன் அதில் பன்னிரண்டு கட்டங்கள் செய்தார். ஒவ்வொரு கட்டத்திலும் அத்தை ஒரே சங்கதியை மூன்று விதமாகச் சொல்லியிருப்பாள். லேசாகத் தொட்டால் மெல்லிய குரல். அழுத்தினால் நடுக்குரல். நசுக்கினால் வரப்புக் குரல். அத்தைக்கு எழுத்து தெரியாததால் கட்டங்களுக்குப் படம் வரைந்தது நான். தண்ணீருக்குக் குடம், சாப்பாட்டுக்குத் தூக்கு, 'போதும்' என்பதற்கு விரித்த உள்ளங்கை. எனக்கு வைத்த கட்டத்தில் ஒரு கழுதை.

நடவு தொடங்கும்போது போடுகிற குலவையும் ஒரு கட்டத்தில் இருந்தது. அவள் குலவையிட்டபோது போன் ஒருமுறை திணறி நின்றுவிட்டது. மறுபடி இடச் சொன்னார் அண்ணன். இட்டாள். பெரியதும் மெல்லியதும் பதிவாகி, மூன்றாவதை இடுவதற்குள் குரல் உடைந்துவிட்டது. உடைந்ததையும் வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். வேண்டாம் என்று அத்தை தலையசைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து கழுத்தில் ஒரு ஓட்டையோடு வந்தாள். அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. உதடு அசையும், சத்தம் வராது. பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்தால் என்ன சொல்கிறாள் என்று புரியும். வயலில் யார் முகத்தை யார் பார்ப்பது? எல்லோரும் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆகவே போன். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டு, சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்துக்கொண்டாள். முதல் நாள் வரப்பில் நின்று கழுதைக் கட்டத்தை நசுக்கினாள்.

"ஏ எழிலு! குனியுறியா, இல்ல நான் வரவா!"

சேற்றில் பதினெட்டுப் பேரும் ஒரு கணம் அப்படியே நின்றோம். செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த சத்தம். மரியபுஷ்பம் அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்குக் கண்ணில் சேறு தெறித்துவிட்டது. சேறுதான்.

மூன்று வருடம் அது நடந்தது. அத்தை அந்தக் கண்ணாடியை ஒரு வாத்தியம் போல வாசிக்கப் பழகிவிட்டாள். கோபம் எவ்வளவோ அழுத்தம் அவ்வளவு. யோசிக்கவே வேண்டாம், நகம் வெளுத்தால் சத்தம் வந்துவிடும். ஒருமுறை நான் ராத்திரியோடு ராத்திரியாகக் குடத்தின் படத்தையும் குலவையின் படத்தையும் மாற்றி வைத்துவிட்டேன். மறுநாள் ரேஷன் கடை வரிசையில் தாகம் எடுத்து அத்தை தண்ணீர் கேட்க, கடைக்காரர் மிரண்டு எடைக்கல்லைக் காலில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து கழுதையைப் பதினோரு தடவை நசுக்கினாள். எண்ணினேன். பதினொன்றாவதில் அவளே சிரித்துவிட்டாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

போன ஆவணியில் போனின் பேட்டரி உப்பிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டது. தூக்கியது தெரியாமல் அத்தை யாரையோ அதட்ட, குறுக்கே விரிசல் விழுந்தது. அவளையும் போனையும் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜாஃபர் சாதிக் என்பவர் கடை. நிதானமான மனிதர். பேட்டரி மாற்றி, புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அத்தை உள்ளங்கைக் கட்டத்தை நசுக்கினாள்.

"போதும் கண்ணு, விடு" என்றது போன், தாலாட்டுவது போல.

மறுபடி நசுக்கினாள். "போதும் கண்ணு, விடு."

ஜாஃபர் சாதிக் போனை வாங்கிப் பார்த்தார். "படம் தெரியுது, தொட்டா வேலை செய்யுது. அழுத்தம் மட்டும் இந்தக் கண்ணாடிக்குத் தெரியாதும்மா."

"அப்ப ஒரிஜினல் போடுங்க பாய்" என்றேன்.

"எங்கம்மா கிடைக்குது? கண்ணாடிக்கு அடியில அழுத்தம் பாக்கத் தனியா ஒரு தகடு வெச்சிருந்தான். அதைக் கம்பெனியே விட்டுட்டான். விரலை வெச்சு அப்படியே புடிச்சுக்கிட்டிருந்தாப் போதும்னு மாத்திட்டான். இப்ப நீங்க புதுசா எந்தப் போன் வாங்குனாலும் இதே கதைதான். எவ்வளவு நேரம் தொடுறீங்கன்னு தெரியும், எவ்வளவு பலமாத் தொடுறீங்கன்னு தெரியாது."

"ஏன் மாத்துனான்?"

"யாரும் அதை உபயோகிக்கலையாம். அப்படி ஒண்ணு இருக்குறதே பாதிப் பேருக்குத் தெரியாதாம்."

அத்தையின் உதடு அசைந்தது. அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன்: "அவங்க உபயோகிச்சாங்களாம்."

அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்ககிட்ட எவனும் கேக்கலையேம்மா" என்றார். இழுப்பறையிலிருந்து நாலைந்து பழைய போன்களை எடுத்து ஒவ்வொன்றாக உயிர்ப்பித்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் மாற்றிய கண்ணாடி. கிடைத்தால் கூப்பிடுகிறேன் என்று என் நம்பரை வாங்கிக்கொண்டார். நான் பிறகு நாலு தடவை கூப்பிட்டேன். நாலாவது தடவை, "பாப்பா, இல்லைன்னு சொல்ல எனக்குச் சங்கடமா இருக்கு" என்றார்.

புகழேந்தி அண்ணன் சென்னையிலிருந்தே கட்டங்களை மாற்றி அமைத்தார். தொட்டுவிட்டு எடுத்தால் மெல்லிய குரல். விரலை வைத்து ஒன்று எண்ணும்வரை பிடித்திருந்தால் நடுக்குரல். இரண்டு எண்ணும்வரை பிடித்திருந்தால் வரப்புக் குரல்.

"விரல் அசையக்கூடாது அத்தை. அசைஞ்சா, நீங்க பக்கத்தைத் தள்ளுறீங்கன்னு அது நினைச்சுக்கும்" என்றார் வீடியோவில்.

வீட்டில் உட்கார்ந்து பழக்கினேன். ஐம்பத்து மூன்று வயதுக்காரிக்குக் கோபப்பட எண்ணிக்கை சொல்லிக்கொடுத்தேன். "அத்தை, ஒண்ணு... ரெண்டு... இப்ப கத்துங்க." அவள் வைப்பாள், பிடிப்பாள், சத்தம் வரும். பிறகு உதட்டை அசைத்துச் சொல்வாள்: எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கோபமே போயிடுது. நான் சிரித்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் பரிதி வீட்டு வயலில் நடவு. பரிதி எங்கள் ஊர்க் குத்தகைக்காரர் மகன், இருபத்தாறு இருபத்தேழு வயது. அப்பாவுக்கு முடியாததால் அந்த வருடம் அவன்தான் வரப்பில் நின்றான்.

தொடங்கும்போது அத்தை குலவைக் கட்டத்தை நசுக்கினாள். வந்தது மெல்லிய குலவை. பிள்ளையைத் தூங்க வைப்பது போல இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான். ஈர விரலை உறையின் மேல் வைத்துப் பிடித்தாள். வழுக்கியது. மூன்றாவது தடவை பெரிய குலவை வந்தபோது பாதிப் பேர் குனிந்து நடத் தொடங்கியிருந்தோம்.

அமிர்தம் என் வலப்பக்கம் இருந்தாள். குடவாசல் பக்கத்துப் பெண், எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்து எட்டு மாதம். இருபத்துமூன்று வயது. அதிகம் பேசமாட்டாள், ஆனால் நான் சொல்கிற அபத்தத்துக்கெல்லாம் குனிந்தபடியே சிரிப்பாள். அத்தைக்கு அவள் மேல் ஒரு கண். மதியம் சாய்ந்தால் 'போதும் கண்ணு, விடு' என்று அவளுக்குத்தான் முதலில் ஒலிக்கும்.

பரிதி நாற்று முடியைக் கட்டுக் கட்டாக எங்கள் பின்னால் வீசிக்கொண்டே வந்தான். ஒன்று அமிர்தத்தின் முன்னால் விழுந்து சேறு நெஞ்சு வரை தெறித்தது. தெரியாமல் விழுந்திருக்கும் என்று நினைத்தோம். இரண்டாவதும் அங்கேயே விழுந்தது. அவன் சிரித்தான். மூன்றாவது முகத்தில் தெறித்தது.

"அச்சச்சோ, அமிர்தத்துக்குப் பூரா சேறாயிடுச்சே. துடைச்சுவிட ஆளு வேணும்போலயே" என்று சொல்லிக்கொண்டே வயலில் இறங்கினான்.

அமிர்தம் குனிந்தபடியே இருந்தாள். வரிசை முழுவதும் கை நின்றுவிட்டது. எல்லோரும் எதிர் வரப்பிலிருந்து வரவேண்டிய சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அத்தை அங்கே நாற்பது தப்படி தூரத்தில் நின்றாள். அவள் கட்டைவிரல் கண்ணாடியில் இறங்கியதை நான் பார்த்தேன். தோள் வரைக்கும் அழுத்தம் தெரிந்தது.

"போதும் கண்ணு, விடு."

பரிதி நின்றான். திரும்பிப் பார்த்தான். "யாரு? நானா கண்ணு?" என்றான்.

"போதும் கண்ணு, விடு."

"கேட்டியா அமிர்தம், உங்க காளியம்மாளே என்னைக் கண்ணுங்குது."

அத்தை மறுபடி நசுக்கினாள். மறுபடி. நசுக்க நசுக்க அந்தப் போன் அவனைக் கொஞ்சியது. எண்ண வேண்டும் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்காது. யாருக்குத்தான் வரும்? பிறகு வந்தது போல. விரலை வைத்துப் பிடித்தாள். அது நடுங்கியது, வழுக்கியது, பக்கம் தள்ளியது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இதற்குள் பரிதி அமிர்தத்தின் தோளில் கை வைத்து, கழுத்தில், கன்னத்தில், சேற்றைத் துடைப்பது போலத் துடைத்தான். அவசரமே இல்லாமல். அத்தை வரப்பிலிருந்து குதித்து முழங்கால் சேற்றில் வந்துகொண்டிருந்தாள். அவள் பாதி தூரம் வருவதற்குள் அவன் மேலே ஏறி, பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

அப்போதுதான் வந்தது.

"ஏய்! போதும், நிறுத்து!"

வயல் அதிர்ந்தது. அவனுக்கு வைத்திருந்தது. எங்கள் மேல் விழுந்தது.

எனக்கு வாய் இருந்தது. ஊரையே கூட்டுகிற வாய் என்று எல்லோரும் சொல்வார்கள். அமிர்தத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. நானும் அத்தையின் சத்தத்துக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றேன்.

அமிர்தம் வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். அத்தை எல்லோரையும் கரையேறச் சொல்லிக் கை காட்டினாள். யாரும் அசையவில்லை. மரியபுஷ்பம் அக்காதான் மெதுவாகச் சொன்னாள்: "பறிச்ச நாத்து கிடக்கு அக்கா. காஞ்சிரும்." பதினேழு பேரும் குனிந்தோம். அத்தை சேற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மரியபுஷ்பம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கெட்டவள் இல்லை. மாதா கோயில் பிரசாதம் போல ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தாள்.

"அக்கா, நீங்க வரிசையில வாங்க. உங்க கை மாதிரி யாருக்கு வரும்? பேசுறதை மட்டும் நான் பாத்துக்கறேன். பொண்ணுங்க பயப்படுதுங்க. அவங்க வூட்டு ஆம்பளைங்களும் கேக்குறாங்க."

அத்தை தலையசைத்தாள். எதிர்த்துச் சொல்ல ஒரு கட்டம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"பரிதி வீட்டுக்கு யாராச்சும் போய்க் கேட்டீங்களாக்கா?" என்றேன்.

"கேக்கலாம்டி. நடவு முடியட்டும்" என்றாள் மரியபுஷ்பம் அக்கா. நடவு முடிந்து, களை எடுத்து, அறுப்பும் முடிந்து, இப்போது அடுத்த நடவும் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு அமிர்தம் வீட்டுக்குப் போனாள். அமிர்தம் கொல்லையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு இட்லிக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது பளபளவென்றிருந்தது. இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவள் பின்னால் நின்று உதட்டை அசைத்தாள். என்னென்னவோ சொன்னாள். எனக்குப் பாதி புரிந்தது. முதுகுக்கு எப்படிப் புரியும்?

நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அத்தை கையை நீட்டி என்னைத் தடுத்துவிட்டாள். அவளே சொல்ல வேண்டுமாம்.

போனை எடுத்தாள். விரித்த உள்ளங்கைக் கட்டத்தை, நகம் கூடப் படாமல் தொட்டாள்.

"போதும் கண்ணு, விடு."

தேய்த்த கை நின்றது. அமிர்தம் திரும்பவில்லை.

"அவனையும் இப்படித்தான கூப்பிட்டீங்க, பெரியம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். அத்தை கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். வழியெல்லாம் அந்த ஓட்டையில் மூச்சு கரகரத்துக்கொண்டே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனை என்னிடம் நீட்டி, இதை எடு என்று உதட்டால் சொன்னாள்.

"போனையா?"

இல்லை, கட்டங்களை.

"அத்தை, வேணாம். அண்ணன்கிட்ட சொல்லி வேற மாதிரி செய்யச் சொல்றேன். பெரிய சத்தம் முதல்ல வர்ற மாதிரி..."

எப்படி எடுக்கிறது, அதைச் சொல்லு என்றாள்.

நான் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். "பன்னெண்டு கட்டமும் உள்ள இருக்குற அந்த ஒத்தைப் படத்து மேல விரலை வெச்சுப் புடிச்சுக்கிட்டே இருங்க. அது ஆட ஆரம்பிக்கும். மூலையில ஒரு குறி வரும். அதைத் தொடுங்க."

வைத்தாள். பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் கொஞ்சம்கூட அசையவில்லை. படம் ஆடத் தொடங்கியது. நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டதை நான் படித்துச் சொன்னேன். குடம், தூக்கு, கழுதை, குலவை எல்லாம் ஒரே தொடுதலில் போயின.

புகழேந்தி அண்ணனிடம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, கேட்டுவிட்டேன். அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அழிக்கச் சொல்வாள். ஒருநாள் அண்ணனிடம் கழுதையை மட்டும் என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். இன்னும் அதைப் போட்டுக் கேட்கவில்லை.

அத்தை இப்போதும் நடவுக்கு வருகிறாள். வரிசையில் கடைசி ஆள். கை வேகம் குறையவில்லை, எல்லோருக்கும் முன்பாக வரப்பை எட்டிவிடுகிறாள். கரையேறச் சொல்லி மரியபுஷ்பம் அக்கா சத்தம் கொடுத்தால் எல்லோரும் நிமிர்வோம். அமிர்தம் வேறு ஆட்களோடு போகிறாள். பரிதி வயலுக்கு இந்த வருடமும் நாங்கள்தான் போனோம். அவன் வரப்பில் நின்று, "என்ன காளியம்மா, கண்ணுன்னு கூப்பிட மாட்டேங்குற" என்றான். மரியபுஷ்பம் அக்கா, "விடுங்க தம்பி" என்றாள். அத்தை நிமிராமல் நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.